சிங்கப்பூர்க் குளிரும் உலக வெப்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர், ஜனவரியில் இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்து வெப்பநிலை 22 டிகிரிக்கு இறங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி கிளம்பிவிடும்: "உலகம் சூடாகிறது என்றார்களே, எங்கே?" அதே வாரத்தில் அமெரிக்காவிலோ சீனாவிலோ பனி கொட்டும் காணொளியும் வந்து சேரும். கேட்பவர்களில் கிண்டலுக்குக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் உண்மையிலேயே குழம்பித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது. பருவநிலை மாற்றம் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் பாதி மிரட்டலாகவும் மீதி மழுப்பலாகவும் இருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வதுதான் படிப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

உலகம் சூடாகிறது என்றால் ஜனவரியில் எங்கள் வீட்டில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் போர்வை தேடுகிறோமே, எப்படி?

ஒரு வாரத்துக் குளிர் வானிலை. முப்பது ஆண்டுச் சராசரி பருவநிலை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. 2024-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 1.55 டிகிரி கூடுதலாக இருந்த ஆண்டு அது. அதுவரை பதிவானவற்றிலேயே மிகச் சூடானது. அந்த ஆண்டிலும் வட நாடுகளில் குளிரலை வந்தது, சிங்கப்பூரில் மழைக்குளிர் இருந்தது. சராசரி ஏறும்போது குளிர் நாள்கள் அடியோடு மறைந்துவிடுவதில்லை. அவற்றின் எண்ணிக்கையும் கடுமையும் குறைகின்றன, அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் சொந்தக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 1980-களிலிருந்து இங்கே பத்தாண்டுக்குச் சுமார் கால் டிகிரி வீதம் வெப்பம் ஏறியிருக்கிறது. அதில் ஒரு பங்கு, காடும் கம்பமும் (கிராமக் குடியிருப்பும்) இருந்த இடத்தில் கான்கிரீட் எழுந்ததால் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுற்றியுள்ள கடலும் சேர்ந்தே சூடாகிறது. கடலில் அடுக்குமாடி புளோக் கட்டியவர் யாரும் இல்லை.

சிங்கப்பூருக்குக் குளிர் எங்கிருந்து வருகிறது? நாம் நிலநடுக்கோட்டில் அல்லவா இருக்கிறோம்?

அதைக் கொண்டுவரும் காற்று சைபீரியாவிலிருந்து புறப்படுகிறது. பலரும் நம்புவதில்லை, ஆனால் உண்மை.

குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியாவில் பகல் குறுகிவிடும். பனி மூடிய தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது தரையோடு படிந்து குவிந்து பெரிய உயரழுத்தப் பகுதியாகிறது. சைபீரிய உயரழுத்தம் என்று இதைச் சொல்வார்கள். அது கொள்ளாமல் போகும் சமயத்தில் குளிர்காற்று சீனாவைக் கடந்து தெற்கே பாய்கிறது. ஹாங்காங்கில் அன்று எல்லாரும் ஸ்வெட்டர் போடுவார்கள். அங்கிருந்து தென்சீனக் கடல்மேல் காற்று வேகமெடுத்து வீசும். சில நாளில் அதன் விளைவு நம்மிடம் தெரியும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் விடுக்கும் அறிவிப்புகளில் 'மான்சூன் சர்ஜ்' என்று வருவது இதுதான். வடகிழக்குப் பருவக்காற்று சில நாளுக்கு உரம் பெற்றுப் பாய்வது. ஒரு பருவத்தில் இப்படி இரண்டு முதல் நான்கு முறை நடக்கும்.

புறப்படும்போது உறைநிலைக்கு வெகு கீழே இருந்த காற்று, ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்கிறது. வழியில் வெதுவெதுப்பான கடல் அதைச் சூடாக்குகிறது. கூடவே ஏராளமான ஈரத்தையும் ஏற்றி அனுப்புகிறது. நம்மை வந்தடையும்போது அதில் சைபீரியக் குளிர் ஏறக்குறைய ஒன்றும் மிச்சம் இருக்காது. மிஞ்சுவது ஈரம். அந்த ஈரம்தான் மழையாகக் கொட்டி நம்மைக் குளிர வைக்கிறது.

இந்தக் கடைசி வரியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் கேள்விகளில் பாதிக்கு அதுவே விடை. வெப்பமானியில் 22 என்று காட்டுவதற்குக் காரணம் மேகமும் மழையும். வழக்கமாக இரவில் 24, 25-க்கு இறங்கிப் பகலில் 30-ஐத் தாண்டும் ஊரில், நாள் முழுக்க வானம் மூடிக் கிடந்தால் பகல் ஏற்றமே நடக்காது. காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஒரே குளிர். உடம்பு பகல் சூட்டை எதிர்பார்த்தே பழகியது. அது வராதபோது 'என்ன இப்படிக் குளிருது' என்கிறோம்.

22 டிகிரி எல்லாம் ஒரு குளிரா? ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களே.

சிரிக்கட்டும். ஆனால் ஈரத்தோடும் காற்றோடும் வரும் 22 டிகிரி, உலர்ந்த 22 டிகிரி அல்ல. தண்ணீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த சட்டையோடு காற்றில் நிற்பவருக்கு வெப்பமானி சொல்வதைவிட அதிகமாகவே குளிரும்.

அடுக்குமாடி வீட்டுக்குள் இருப்பவருக்கு இது ஒரு சுகம். சூடாக ஒரு கிளாஸ் தே தாரேக் போதும். விடியுமுன் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலையிடம் போகும் நம் ஊர்த் தம்பிகளைப் பாருங்கள். மேலே கூரை இருந்தாலும் பக்கவாட்டில் சாரல் அடிக்கும். முழங்காலில் சோற்றுப் பொட்டலம், தலையில் துண்டு, லாரி ஓடும் வேகமே எதிர்க்காற்று. வேலையிடத்துக்குப் போய் இறங்கும்போது பாதி உடம்பு நனைந்திருக்கும். மாற்றுச் சட்டை கொண்டுவந்தவருக்குப் பிழைப்பு, மற்றவருக்கு உடம்போடு காய வேண்டியதுதான். 22 டிகிரியைக் 'குளுகுளு' என்று எழுதும்போது இவர்களும் நினைவில் இருக்க வேண்டும்.

ஊரில் வரும் தைப் பனியும் இந்தக் குளிரும் ஒன்றா?

இல்லை, ஏறக்குறைய எதிரெதிர். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று ஊரில் சொல்வது தெளிந்த வானத்தின் குளிர். மழை நின்று மேகம் விலகியதும், இரவில் தரைச் சூடு தடையில்லாமல் வானுக்குப் போய்விடும். விடியற்காலையில் பனி விழும். வெயில் ஏறினால் ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாம் கலைந்துவிடும். நீலகிரியில் உறைபனி படிவதும் இப்படிப்பட்ட தெளிந்த இரவுகளில்தான்.

சிங்கப்பூரில் மேகம் இருந்தால்தான் குளிர். தெளிந்தால் வெயில் கொளுத்தும். இங்கே வடகிழக்குப் பருவத்துக்கு இரண்டு முகம்: டிசம்பர் முதல் ஜனவரி முற்பாதிவரை ஈரம், அதன்பின் மார்ச்வரை வறட்சியும் காற்றும். பொங்கலுக்குக் குடை பிடித்துக்கொண்டு லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்குகிறோம். சில வாரத்தில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை சுடும் தார்ச்சாலையில் காவடி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரே பருவக்காற்றின் இரண்டு பக்கம் அது.

முன்பெல்லாம் சிங்கப்பூர் இன்னும் குளிராக இருந்ததா? பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. 1934 ஜனவரிக் கடைசியில் இங்கே 19.4 டிகிரி பதிவானது. 2018 ஜனவரியில் பொங்கலை ஒட்டி ஐந்து நாள் நீடித்த குளிர்ச்சியை நாம் இன்றும் பேசுகிறோம். அப்போதுகூட வெப்பநிலை 21-க்குக் கீழே போகவில்லை. மறுபக்கத்தில் 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி. அதற்குமுன் அந்த அளவு பதிவானது 1983 ஏப்ரலில், தெங்காவில். இரவுகளின் புழுக்கத்தைத் தாத்தா பாட்டிகள் கணக்கு எழுதி வைக்காமலே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். "அப்பல்லாம் ஃபேன் கூட இல்லாம தூங்குனோம்" என்பதில் மிகை கொஞ்சம் இருக்கலாம், பொய் இல்லை.

துருவச் சுழல் என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

வடதுருவத்துக்கு மேலே, தரையிலிருந்து 15 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் காற்றுவளையம். கடுங்குளிர்க் காற்றை அது தனக்குள் அடைத்து வைத்திருக்கும். பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றும்வரை ஒரே இடத்தில் நேராக நிற்கும். வேகம் குறைந்தால் தள்ளாடி ஒரு பக்கம் சாயும். சுழல் வலுவாக இருந்தால் குளிர் துருவத்திலேயே கிடக்கும். வலுவிழந்தால் அது நீண்டு வளையும், சில சமயம் இரண்டாகப் பிளந்தும் போகும். அப்போது அதற்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டமும் வளைந்து, துருவக் குளிர் ஏதோ ஒரு கண்டத்தின்மேல் இறங்கும்.

சுழலைக் குலைப்பது பெரும்பாலும் கீழிருந்து மேலெழும் காற்றலைகள். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் அவற்றை உண்டாக்குகின்றன. அவை மேலே போய் உடையும்போது அங்குள்ள காற்று சில நாளில் பல பத்து டிகிரி சூடாகிவிடும். 2021 ஜனவரித் தொடக்கத்தில் அப்படி ஒரு சூடேற்றம் நடந்தது. அடுத்த மாதம் டெக்சாஸ் உறைந்தது.

டெக்சாஸில் என்ன நடந்தது? அது பருவநிலை மாற்றத்தால்தானா?

2021 பிப்ரவரி நடுவில் டல்லஸ் நகரில் உறைநிலைக்குக் கீழே சுமார் 19 டிகிரிவரை போனது. எரிவாயுக் குழாய்களும் மின்னாலைகளும் உறைந்தன. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தனர். அவர்களில் குளிர்காய வீட்டுக்குள் காரை ஓடவிட்டும் ஜெனரேட்டர் போட்டும் நச்சுப்புகையில் மாண்டவர்களும் உண்டு. அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. குளிர் மட்டுமே அவர்களைக் கொன்றதாகச் சொல்ல முடியாது. குளிருக்கு ஆயத்தம் செய்யாத மின்கட்டமைப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பருவநிலை மாற்றத்துக்கு அதில் பங்கு உண்டா என்பது தனிக் கேள்வி. அதற்கு அடுத்த பதிலில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அப்படியானால் உலகம் சூடாவதுதான் இந்தக் குளிரலைகளுக்குக் காரணமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள்.

முதலில், சர்ச்சை இல்லாத பகுதி. 1950-களிலிருந்து உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் கடுங்குளிர் நாள்கள் குறைந்துவிட்டன, அவற்றின் கடுமையும் தணிந்துவிட்டது. ஐநாவின் பருவநிலை அறிவியல் குழு, ஐபிசிசி, 2021 அறிக்கையில் இதைத் தன் மிக உயர்ந்த உறுதி நிலையில் வைத்துச் சொல்கிறது. காரணமும் எளிது. ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. அங்கிருந்து இறங்கிவரும் காற்றும் முன்பிருந்த அளவுக்குக் குளிராக இல்லை.

இனி, சர்ச்சை உள்ள பகுதி. ஆர்க்டிக்குக்கும் தெற்கே உள்ள நாடுகளுக்கும் இடையே இருக்கும் வெப்ப வேறுபாடுதான் ஜெட் காற்றோட்டத்தின் உயிர். வேறுபாடு குறைந்தால் காற்றோட்டம் தளர்ந்து அதிகம் வளையும், வளைவுகள் ஒரே இடத்தில் தங்கும், அதனால் குளிரலைகள் நீடிக்கும் என்று ஜெனிஃபர் ஃபிரான்சிஸ் போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2012 முதல் வாதிட்டு வருகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜூடா கோஹன் இன்னொரு வழியைக் காட்டுகிறார்: ரஷ்யாவுக்கு வடக்கே பாரென்ட்ஸ், காரா கடல்களில் பனிக்கட்டி குறைவதும், இலையுதிர்காலத்தில் சைபீரியாவில் பனி கூடுவதும் மேலெழும் அலைகளை வலுப்படுத்தித் துருவச் சுழலைக் குலைக்கின்றன என்பது அவர் கருத்து.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது. கணினி மாதிரிகளில் கடற்பனியைக் குறைத்துப் பார்த்தால், தெற்கே வரும் விளைவு பெரும்பாலும் சிறியதாகவே இருக்கிறது. 1990-கள் தொடங்கி இருபது ஆண்டுபோல் ஆசியாவின் நடுப்பகுதியில் குளிர்காலங்கள் கடுமையாகி வந்தன. அதை வைத்தே இந்தத் தொடர்பு பெரிதாகப் பேசப்பட்டது. அதன்பின் ஆர்க்டிக் பனி குறைந்துகொண்டே போனாலும் அந்தக் குளிர்ப்போக்கு தொடரவில்லை. அப்படியானால் அது இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஐபிசிசியும் இந்தத் தொடர்பைக் குறைந்த உறுதியோடுதான் குறிப்பிடுகிறது.

என் கருத்தைக் கேட்டால்: 'குளிர் வந்தது, ஆகவே வெப்பமயமாதல் பொய்' என்பது எவ்வளவு தவறோ, 'குளிர் வந்ததே வெப்பமயமாதலால்தான்' என்று அடித்துச் சொல்வதும் அவ்வளவு தவறு. நம் பக்கத்துக்கு உதவும் என்பதற்காக அரைகுறையாக நிரூபணமானதை முழு உண்மையாக்கிப் பேசினால், நாளை முழு உண்மையைச் சொல்லும்போதும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் குளிர்ச் சாதனைகள் இன்னும் முறியடிக்கப்படுகின்றனவே?

ஆம். 2023 ஜனவரி 22 அன்று சீனாவின் வடகோடியில் உள்ள மோஹேயில் உறைநிலைக்குக் கீழே 53 டிகிரி. அந்த நாட்டின் சாதனை. 2016 ஜனவரி 24 அன்று ஹாங்காங்கில் 3.1 டிகிரி, 1957-க்குப் பின் அங்கு அவ்வளவு குறைந்ததில்லை. அதே குளிரில் தென்சீன நகரமான குவாங்சோவிலும் பனித்துகள் விழுந்தது.

ஹாங்காங் கணக்கை முழுதாகப் பார்த்தால் படம் தெளிவாகும். 1893 ஜனவரியில் அங்கே சரியாகச் சுழி டிகிரி பதிவானது. நூற்றாண்டு கடந்தும் அது முறியடிக்கப்படவில்லை. 12 டிகிரிக்கோ அதற்குக் கீழோ போகும் நாள்களை 'குளிர் நாள்கள்' என்று எண்ணிவருகிறது அந்நகர வானாய்வகம். அந்த எண்ணிக்கை நீண்டகாலமாக இறங்குமுகம். ஒரு சாதனை என்பது ஒரு நாள். சூடான சாதனைகள் எத்தனை, குளிர்ச் சாதனைகள் எத்தனை என்று சேர்த்து எண்ணினால் உலகம் முழுக்கவே சூடான பக்கம் வெகுவாகச் சாய்கிறது.

பனிப்பொழிவு கூடுவதற்கும் வெப்பம்தான் காரணம் என்கிறார்களே?

சில இடங்களில் உண்மை. சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அமெரிக்காவின் பெரும் ஏரிகள் முன்புபோல் சீக்கிரம் உறையாததால், அவற்றைக் கடக்கும் குளிர்காற்று அதிக ஈரத்தை அள்ளிக் கரையோர ஊர்களில் பனியாகக் கொட்டுகிறது. மொத்தத்தில் பனி விழும் காலம் சுருங்கிவருகிறது.

'அஃபீலியன்' வருகிறது, அதனால் ஆகஸ்ட்வரை குளிரும், சளிக்காய்ச்சல் பரவும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

பொய். பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நாள் அது என்பது மட்டும் உண்மை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் தொடக்கத்தில் வரும். அன்று தூரம் சுமார் 15 கோடியே 20 லட்சம் கிலோமீட்டர். மிக அருகில் இருக்கும் ஜனவரித் தொடக்கத்தில் 14 கோடியே 70 லட்சம். வேறுபாடு மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அந்தச் செய்தியோ வழக்கமான தூரம் 9 கோடி கிலோமீட்டர் என்று ஓர் எண்ணைப் போட்டு, 66 விழுக்காடு தொலைவு கூடிவிட்டதாகப் பயமுறுத்துகிறது. அந்த 9 கோடிக்குப் பூமி ஒருபோதும் போனதில்லை. நாம் சிங்கப்பூரில் குளிரில் நடுங்கும் ஜனவரியில்தான் சூரியன் நமக்கு மிக அருகில் இருக்கிறது என்பதைக் குழுவில் எழுதிப் போடுங்கள், போதும். அனுப்பியவர் பெரியம்மாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். எல்லார் முன்பும் திருத்தினால் செய்தி நிற்காது, பேச்சுத்தான் நிற்கும்.

சிங்கப்பூரின் இந்த மழைக்குளிர் வருங்காலத்தில் எப்படி மாறும்?

நம்மைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி இதுதான், ஆனால் கேட்பவர்கள் குறைவு. குளிரையே பார்த்துக்கொண்டிருந்தால் மழையைத் தவறவிட்டுவிடுவோம்.

2025 ஜனவரி 10, 11 தேதிகளை நினைத்துப் பாருங்கள். பொங்கலுக்குச் சாமான் வாங்கும் வாரஇறுதி. அந்த இரண்டு நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை பெய்தது. அங்கே ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். மாத மழை இரண்டே நாளில் கொட்டி, மேலும் மிச்சமும் இருந்தது. அதற்கு நான்கு ஆண்டுக்குமுன் 2021 ஜனவரி 2 அன்றும் சாங்கியில் ஒரே நாளில் 210.6 மில்லிமீட்டர். பேசப்பட்டதென்னவோ 'ஆகா, ஏசி போட்டதுபோல் இருக்கிறது' என்பதுதான்.

இப்படிப்பட்ட பெருமழை முன்பும் உண்டு. 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்தது இன்னும் சாதனையாக நிற்கிறது. 2001 டிசம்பர் 27 அன்று பருவக்காற்றுப் பாய்ச்சலும் போர்னியோ அருகிலான சுழலும் சேர்ந்து, நிலநடுக்கோட்டுக்கு வெறும் 1.4 டிகிரி வடக்கே, நம் வாசலிலேயே வாமேய் என்ற சூறாவளியை உருவாக்கின. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்றே அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆகவே ஒவ்வொரு பெருமழையையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. எத்தனை முறை காற்று பாய்கிறது என்பதில் பசிபிக் கடலின் ஒரு பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா போன்ற இயல்பான மாறுதல்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் பாய்ந்துவரும் காற்று கடக்கும் கடல் சூடாகிக்கொண்டே இருக்கிறது. அதே அளவு காற்று வந்தாலும் அள்ளிவரும் ஈரம் கூடும். 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, நவம்பர் முதல் ஜனவரிவரையிலான ஈரப் பருவத்தின் சராசரி மழை இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 58 விழுக்காடுவரை கூடக்கூடும் என்கிறது. அதே ஆய்வில், 35 டிகிரியைத் தாண்டும் நாள்கள் ஆண்டுக்கு 41 முதல் 351 வரை ஆகலாம். கரிம வெளியேற்றத்தை உலகம் எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பொறுத்தே 41-க்கும் 351-க்கும் நடுவில் நாம் எங்கே நிற்போம் என்பது முடிவாகும்.

இதில் கடலும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குக் காற்று தென்சீனக் கடல் நீரைத் தெற்கே தள்ளுவதால், ஆண்டின் இந்தப் பருவத்தில் நம் கரையில் கடல்மட்டம் சற்று உயர்ந்தே இருக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய கடலேற்றமும் அதே நாளில் கனமழையும் வந்தால் கால்வாய் நீர் கடலுக்குள் போக வழியில்லாமல் திரும்பும். 2100-க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்பதும் அதே ஆய்வின் கணிப்பு. ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் 'லாங் ஐலண்ட்' என்ற பெயரில் 800 ஹெக்டர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்டுத் தடுப்பாக்கும் திட்டம் இதனால்தான்.

அப்படியானால் இங்கே குளிர் நாள்களே இல்லாமல் போய்விடுமா?

மழைக்குளிர் இருக்கும். மூன்று நாள் மேகம் மூடினால் பகல் வெப்பம் இறங்கத்தான் செய்யும். ஆனால் இறங்கிவந்து நிற்கும் இடம் மெல்ல உயரும். நம் பேரப்பிள்ளைகள் 24 டிகிரிக்கே போர்வை தேடுவார்கள்.

பள்ளியில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறான் பேரன். எதைச் சொல்லிக்கொடுக்க?

படிக்கக் கொடுப்பதைவிடப் பார்க்க வைப்பது மேல். டிசம்பரில் ஒரு நோட்டு எடுத்து மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: அன்றைய குறைந்த வெப்பநிலை, கூடிய வெப்பநிலை, மழை. வானிலை ஆய்வக இணையத்தளத்தில் நிலையம் நிலையமாக எல்லாம் கிடைக்கும். நான்காவது பத்தியில் ஹாங்காங்கின் குறைந்த வெப்பநிலையை எழுதட்டும். ஜனவரி முடிவதற்குள், ஹாங்காங் இறங்கிய சில நாளுக்குப்பின் சாங்கியில் மழை எண் ஏறுவதை அவனே கண்டுபிடித்து உங்களிடம் ஓடிவர வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் அப்படி நடக்காது. நடக்காத தடவை ஏன் என்று கேட்டால் இன்னும் நல்லது.

குளிர் அறிவிப்பு வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

வானிலை ஆய்வகம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முன்பே சொல்லிவிடும். அரசின் மைஎன்வி (myENV) செயலியிலும், வெள்ள எச்சரிக்கைக்குத் தேசிய நீர் முகமையான பியூபியின் (PUB) டெலிகிராம் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். தாழ்வான சாலையில் கார் நிறுத்துபவர்கள் அன்று வேறிடம் பார்க்கலாம். வீட்டில் முதியவர் இருந்தால் ஈரத்தரையில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது குளிரைவிட அவசரம். மூங்கில் கழியில் வெளியே துணி போடுவதை நிறுத்தி, உள்ளே மின்விசிறிக்குக் கீழே காயப்போடுங்கள். சன்னலை ஒருவிரல் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

ஆட்களை வைத்து வேலை வாங்குபவர்கள், லாரிக்குப் பக்கத் திரை போட்டிருக்கிறதா, வேலையிடத்தில் ஈரம் மாற்ற இடமும் வெந்நீரும் இருக்கின்றனவா என்று முந்தின நாள் மாலையே பார்த்துவிடுங்கள். காலை ஐந்தரை மணிக்கு லாரி வந்து நின்றபிறகு அதற்கெல்லாம் நேரம் இருக்காது.